மனித உரிமை மனுவுக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நவம்பர் 9 தேசிய சட்டப் பணிகள் நாள். டிசம்பர் 10 மனித உரிமை நாள். முதல் நாளில் பதாகை பிடித்துப் பேரணி போவார்கள். அடுத்த நாளில் அலுவலக வாசலில் உறுதிமொழி எடுப்பார்கள். இரண்டு நாள்களுக்கும் பின்னால் ஆளுக்கொரு மத்தியச் சட்டம் இருக்கிறது: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். முதலாவது இலவச வக்கீலுக்கு வழி செய்கிறது, இரண்டாவது மனித உரிமைகள் ஆணையங்களை அமைத்தது. காவல் நிலையத்தில் அடிபட்ட ஒருவருக்கு இரண்டும் ஒரே வாரத்தில் தேவைப்படும். ஆனால் இவை ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமலேயே ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நடக்கின்றன. மனித உரிமைச் சட்டத்தில் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தால் ஆணையத்தின் தலைவர் யார், உறுப்பினர் எத்தனை பேர் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. மனு கொடுப்பவருக்கு வக்கீல் யார் என்று கேட்க ஆளில்லை.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய ஆணையத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதிதான் தலைவராக வர முடியும் என்றிருந்ததை, முன்னாள் நீதிபதி எவரும் வரலாம் என்று மாற்றினார்கள். மாநில ஆணையத்துக்கும் அப்படியே, உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி என்பது முன்னாள் நீதிபதி என்று ஆனது. பதவிக்காலம் 5 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைந்தது, மறுநியமனத்துக்கு வழி திறந்தது. தேசிய ஆணையத்தில் மனித உரிமை அனுபவம் உள்ள உறுப்பினர்கள் 2 பேர் 3 பேர் ஆனார்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கடைசியாகச் சொன்னது நல்ல மாற்றம். மறுநியமனம் அப்படியல்ல: எந்த அரசின் அதிகாரிகளை விசாரிக்கிறாரோ, அந்த அரசின் தயவில்தான் தலைவருக்கு அடுத்த மூன்றாண்டு என்றால், அது அவருக்கே சங்கடம். இவ்வளவு செய்தவர்கள், மனுதாரரின் கையைக் கட்டிப்போடும் 36(2), 18, 30 ஆகிய மூன்று பிரிவுகளைத் தொடவில்லை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

முதலில் வக்கீல் விஷயம். ஒருவரைத் திருட்டு வழக்கில் பிடித்து, நிலையத்தில் வைத்து அடித்து, மறுநாள் ரிமாண்ட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு இரண்டு வழக்குகள். திருட்டு வழக்கில் அவர் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். அதற்கு அரசுச் செலவில் வக்கீல் கிடைப்பார். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில், வேறு வழக்கு எடுக்காமல் முழுநேரமும் இந்த வேலையை மட்டுமே பார்க்கும் வழக்கறிஞர்கள் மாவட்டத் தலைநகரங்களில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். தலைமை வழக்கறிஞருக்கு 10 ஆண்டு குற்றவியல் அனுபவம், குறைந்தது 30 செஷன்ஸ் வழக்கு நடத்திய அனுபவம் என்றெல்லாம் தகுதி வைத்திருக்கிறார்கள். நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எதிரிகளுக்கும் தண்டனைக் கைதிகளுக்கும் மட்டுமே. அதே ஆள் 'என்னை அடித்தார்கள்' என்று மனித உரிமை ஆணையத்துக்கு மனு போட்டால், அந்த அலுவலகம் அதைத் தொடாது. எதிர்மனுதாரரான காவல் அதிகாரிக்கோ மனித உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. அவர் வக்கீலோடு வருவார். மனுதாரர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நிற்பார். குறுக்கு விசாரணை என்றால் என்ன என்று அவருக்கு அங்கேதான் தெரியவரும்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று எண்ண வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(1)(இ) பிரிவு, நீதிமன்றத்தில் மட்டுமல்லாமல் 'பிற அதிகார அமைப்பு அல்லது தீர்ப்பாயத்தின்' முன் நடக்கும் நடவடிக்கைக்குச் செய்யும் உதவியையும் சட்டப் பணி என்றுதான் சொல்கிறது. நாடாளுமன்றம் தாராளமாகத்தான் எழுதிவைத்திருக்கிறது. கீழே வர வர அது சுருங்கி, 'கோர்ட் கேஸ் இருந்தால் வாங்க' என்று ஆகிவிட்டது.

எனவே மனுதாரர்கள் கேட்க வேண்டியது இது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், அல்லது வட்ட அளவிலான குழுவில், ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அங்குள்ள சட்டத் தன்னார்வலர் எழுதித் தர வேண்டும். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். 'மாநில மனித உரிமைகள் ஆணையத்தின் முன் மனு தயாரிக்கவும், விசாரணையில் ஆஜராகவும் வழக்கறிஞர் வேண்டும்' என்று நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். வெறுமனே 'உதவி வேண்டும்' என்று எழுதினால் ஆலோசனை சொன்னதாகக் கணக்கு முடிந்துவிடும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. வட்டாட்சியரின் வருமானச் சான்று கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று அலைந்து முடிப்பதற்குள் காயம் ஆறிவிடும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்லவே இல்லை. விண்ணப்பதாரர் தம் வருமானத்தைப் பற்றித் தரும் பிரமாணப் பத்திரமே போதும். அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்கலாம். விண்ணப்பத்தின் மீது அதிகபட்சம் 7 நாளில் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரான முதன்மை மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே வாய்மொழியாக 'முடியாது' என்றால் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. தட்டச்சு, நகல், மொழிபெயர்ப்புச் செலவுகளும் சட்ட உதவியில் அடக்கம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்யும், சட்ட உதவிப் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவர், தினமும் முகம் பார்க்கும் உள்ளூர் ஆய்வாளருக்கு எதிராக ஆஜராகத் தயங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்தோ பக்கத்து வட்டத்திலிருந்தோ வழக்கறிஞரை நியமிக்கும்படி விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. ஆணைக்குழுக்களும் இத்தகைய மனுக்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வக்கீல் ஏன் முதல் வாரத்திலேயே வேண்டும் என்றால், இந்த வழக்குகள் தோற்பது அந்த வாரத்தில்தான். நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தும்போது 'போலீஸ் அடித்தார்களா?' என்று அவர் கேட்பார். அடித்தவர் இரண்டடி தள்ளி நிற்கும்போது 'இல்லை' என்ற பதிலே வரும். அது ரிமாண்ட் தாளில் ஏறும். ஓராண்டு கழித்து ஆணையத்தில் அதையே எடுத்துக் காட்டுவார்கள். ரிமாண்ட் வேலைக்கென நியமிக்கப்பட்ட சட்ட உதவி வழக்கறிஞர், காவலர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசினால், காயம் எங்கே, எதனால், எத்தனை மணிக்கு என்று நடுவரிடம் சொல்லிப் பதிவு செய்ய முடியும். பல இடங்களில் அவர் கையெழுத்துக்கு வரும் நேரத்தில் ரிமாண்ட் முடிந்திருக்கும், விடுமுறை நாளில் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது மருத்துவக் குறிப்பு. கைதானவரைப் பரிசோதித்த மருத்துவர், அறிக்கையின் நகலைக் கைதானவரிடமோ அவர் குறிப்பிடும் நபரிடமோ தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. ஜாமீனில் வந்த பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட வைத்து, அந்த ஏ.ஆர். நகலை வாங்க வேண்டும். அதில் 'தெரிந்த நபர்கள் இத்தனை பேரால், இந்தக் காவல் நிலையத்தில், இந்தத் தேதியில் தாக்கப்பட்டதாக' என்று இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். 'கீழே விழுந்ததால்' என்று இருந்தால் அந்த ஒரு வரியே வழக்கைக் கவிழ்த்துவிடும். கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாக, மாவுக்கட்டோடு நிற்கும் படத்தை நம் நாளிதழ்கள் சிரிப்புச் செய்திபோல் போடுகின்றன. அந்தப் படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பதிவேட்டு வரி இருக்கிறது. எல்லாம் கைவிட்டுப்போனாலும் சிறைக்குள் சேர்க்கும்போது சிறை மருத்துவர் எழுதிய காயக் குறிப்பு ஒன்று மிஞ்சலாம். அதை வரவழைக்கும்படி ஆணையத்தைக் கேட்க வேண்டும். சாட்சியை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் மனித உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு.

மூன்றாவது, கேமரா. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு, ஆய்வாளர் அறை, கழிவறைக்கு வெளியே என்று எங்கும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், அதற்கு வசதியில்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றது. உத்தரவு அப்படி. அதே ஆண்டு ஜூனில் நடந்த சாத்தான்குளம் கொடுமையில் விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் கண்டது வேறு: ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். ஆகவே ஓராண்டு இருக்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளிலேயே, தேதி, மணி, எந்தெந்த இடத்துக் கேமரா என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஆணையத்துக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு 'பழுது' என்று பதில் வந்தாலும், கேட்ட தேதி நம் கையில் இருக்கும். எப்போதிலிருந்து பழுது, யாரிடம் புகார் செய்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்க அதுதான் பிடிமானம்.

இனி மனு. ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது, முத்திரைத்தாள் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். ஆனாலும் மனுக்கள் வாசலிலேயே விழுந்துவிடுகின்றன. நம் ஊர் வழக்கம் ஒன்று உண்டு: முதலமைச்சர் தனிப்பிரிவு, ஆட்சியர், காவல்துறைத் தலைவர் என்று எல்லோருக்கும் ஒரே மனுவை எழுதி, கடைசியில் 'நகல்: மனித உரிமை ஆணையம்' என்று போடுவது. வேறொரு அதிகாரிக்கு எழுதியதன் வெறும் நகலாக வரும் புகார் சாதாரணமாக ஏற்கப்படாது என்பது தேசிய ஆணையத்தின் நடைமுறை விதி. பெயரில்லாதது, தெளிவில்லாதது, சொத்துத் தகராறு, பணிச் சிக்கல், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பிரச்சினை, அரசு ஊழியர் எவர் மீதும் குற்றச்சாட்டில்லாதது ஆகியவையும் அப்படியே. எனவே ஆணையத்துக்கென்றே தனி மனு, ஒரு சம்பவம், யார், எங்கே, எப்போது, என்ன காயம், என்ன ஆவணம், என்ன நிவாரணம் என்று இரண்டு பக்கத்தில் முடியுங்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்க முடியாது. இரண்டுக்கும் அனுப்பினால் பலம் கூடாது, குழப்பம்தான் கூடும். 18(இ) பிரிவின்படி விசாரணையின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால நிவாரணம் பரிந்துரைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாததால், மருத்துவச் செலவுக்குக்கூட யாரும் கேட்பதில்லை.

இப்போது அந்த மூன்று பிரிவுகள். 36(2): சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்கக் கூடாது. கடன் பத்திர வழக்கில்கூடத் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மேல்முறையீட்டை அனுமதிக்கக் கேட்கலாம். இங்கே தாமதத்தை மன்னிக்க ஒரு வரி இல்லை. அடிபட்டவர் எட்டு மாதம் சிறையில் இருந்தால் அந்த எட்டு மாதமும் கணக்கில் ஓடும். 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இப்படிக் காவலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு, மனுப் போடத்தான் அவகாசம் இல்லை. 'தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். காவலில் இருந்த காலம் கணக்கில் சேராது' என்று ஒரு வாசகம் சேர்த்தால் போதும்.

18ஆம் பிரிவில், ஆணையத்தின் அறிக்கை மீது அரசு ஒரு மாதத்துக்குள், அல்லது ஆணையம் அனுமதிக்கும் கூடுதல் காலத்துக்குள், நடவடிக்கை விவரத்தோடு கருத்து அனுப்ப வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அனுப்பாவிட்டால்? சட்டம் மௌனம். 'பரிந்துரைதானே' என்ற அலட்சியம் அங்கேதான் பிறந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதற்கு முடிவு கட்டியது: ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், ஏற்கவில்லை என்றால் நீதிமன்றத்தில் சவால் செய்யலாமே தவிர, கிடப்பில் போட முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் சட்டப் புத்தகத்தில் பழைய வாசகமே இருக்கிறது. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால் 120 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2024இல் நடைமுறைக்கு வந்த சன்ஹிதாவின் 218ஆம் பிரிவில் எழுத முடிந்ததே. அதே போல் இங்கேயும், குறித்த காலத்தில் பதில் இல்லையேல் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று எழுதலாம்.

தீர்ப்புக்குப் பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். இழப்பீடு கொடு என்று பரிந்துரை வந்ததும், சம்பந்தப்பட்ட அதிகாரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, மனுதாரரை ஒரு எதிர்மனுதாரராகச் சேர்ப்பார். ராமநாதபுரத்துக் கூலித் தொழிலாளிக்கு மதுரைக் கிளையிலிருந்து நோட்டீஸ் வரும். அது என்னவென்று புரியாமல், ஜெயித்த வழக்குதானே என்று வீட்டில் வைத்துவிடுவார்; அவர் தரப்பு கேட்கப்படாமலேயே தடை ஆணை வரும். அந்த நோட்டீஸ் வந்த அன்றே உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அது இருக்கிறது.

30ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் ஒரு செஷன்ஸ் நீதிமன்றத்தை மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்கலாம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த நீதிமன்றம் எந்தக் குற்றங்களை விசாரிக்கும் என்று பட்டியல் இல்லை, நேரடியாக வழக்கைக் கோப்பில் எடுக்கலாமா, நடுவர் ஒப்படைத்தால்தான் எடுக்க வேண்டுமா என்றும் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் 3ஆம் பிரிவு குற்றங்களை வரிசையாகச் சொல்கிறது, 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சிறப்பு நீதிமன்றம் நேரடியாக வழக்கை எடுக்க அதிகாரம் தந்தது. அதனால் அந்த நீதிமன்றங்கள் இயங்குகின்றன. மனித உரிமை நீதிமன்றத்துக்குப் பெயர்ப்பலகைதான் இருக்கிறது. சித்திரவதைக்கென்று தனிக் குற்றமே நம் சட்டத்தில் இல்லாதபோது பட்டியலில் எதைப் போடுவது என்றும் கேட்கலாம். ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையோடு வரைவு ஒன்றையே எழுதிக் கொடுத்தது. வரைவு தயார், எடுத்து அவையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வேண்டாம். சிறைவாசிகளுக்கான சட்ட உதவி பற்றிய சுஹாஸ் சக்மா வழக்கில் 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு எளிய யோசனை சொன்னது: தண்டனைத் தீர்ப்பின் நகலோடு, மேல்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவி உண்டு, இங்கே அணுகலாம் என்று ஒரு தாளை இணைத்துக் கொடுக்க உயர் நீதிமன்றங்கள் உத்தரவிடலாம் என்று. மாநில மனித உரிமைகள் ஆணையமும் இதைச் செய்யலாம். மனுதாரருக்குப் போகும் ஒவ்வொரு சம்மனின் அடியிலும் இரண்டு வரி: 'இந்த விசாரணைக்கு உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கேட்கலாம். உங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அல்லது 15100.' அந்தச் சம்மனின் ஒரு நகலை அதே ஆணைக்குழுவின் செயலாளருக்கும் அனுப்பிவிட்டால், விண்ணப்பம் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுமில்லை.

இப்படிக்கு,
சட்ட உதவிப் பட்டியல் வழக்கறிஞர்கள் இருவர்,
மதுரை.